மாலை போட்ட படம்

என் மகளை அவளுடைய கம்பெனி இத்தாலிக்கு அனுப்பியது பாஷை படிக்கத்தான். நூல் சுற்றும் இயந்திரங்கள் அங்கிருந்து வருகின்றன. பழுது என்றால் அந்த ஊர் இன்ஜினியர்களோடு அவர்கள் மொழியிலேயே பேச ஓர் ஆள் வேண்டும் என்று இவளைத் தேர்ந்தெடுத்தார்கள். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் மில்லிலும் அதே இயந்திரங்கள்தான் ஓடுகின்றன. அந்தப் பெயர்ப்பலகையைத் தினமும் பார்க்கிறவன் நான். இருந்தும் இத்தாலி என்று அவள் சொன்னதும் நான் கலங்கிவிட்டேன். என் மனைவி கலங்கவில்லை.

"பிளவக்கல் அணைக்கு டூர் போன பிள்ளைக்கே மணிக்கொருக்க போன் போட்ட மனுசன் நீங்க. ஒங்கள நம்பி அவ எங்கயும் போக ஏலாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் பருப்புப் பொடியை அடைத்தாள்.

பொலோன்யா என்ற ஊரில் ஒரு விதவை அம்மாளின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினாள் மகள். சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். மாலையில் மில் விட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறும் நேரம் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் அழைப்பு வரும். தினம் ஒரு சொல் கற்றுக்கொடுப்பாள். பஸ் நிற்கும் இடம் ஃபெர்மாத்தா. பால், லாத்தே. ரொட்டி, பானே. மகள், ஃபீல்யா. மற்றதெல்லாம் சமையற்கட்டுச் சொற்கள். சிஞ்ஞோரா முட்டை ஊற்றி மாவு பிசைந்து, கை நீளத்துக்கும் அதிகமான உருட்டுக் கட்டையால் வேட்டி மாதிரித் தேய்த்து, மடித்து, நாடா நாடாக வெட்டுவாராம். அந்த ஊரில் தெருவெல்லாம் தூண் வைத்த கூரையாம். மழை பெய்தாலும் குடை இல்லாமல் சந்தைக்குப் போய் வரலாமாம். மதியத்துக்கு மேல் பால் காபி கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பாராம்.

"அப்ப சாயந்திரம் என்னட்டி குடிப்பாவ?" என்று நான் நிஜமாகவே பதறிப்போய்க் கேட்டேன். அவள் வெகுநேரம் சிரித்தாள்.

தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருந்தாள். ஒருநாள் மாலை பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். அவள் அழைப்பு வரவில்லை. சிஞ்ஞோராவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது.

சட்டம் போட்ட என் மகளின் படம். அந்தப் படத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தூண்களுக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டத்தின் மேல் பச்சை இலை மாலை. முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு நம் பக்கம் யார் மாலை போடுவார்கள்? யார் விளக்கேற்றி வைப்பார்கள்?

படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு இருந்தது. காதில் வைத்துக் கேட்டேன். சிஞ்ஞோரா வேகமாகப் பேசினார். நடுவில் குரல் உடைந்தது. அழுகிறார் என்று தெரிந்தது. மகள் என்பதற்கான சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மற்றதில் பால் இல்லை, ரொட்டி இல்லை, எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை.

மகளுக்குப் போன் போட்டேன். பதிவு செய்த ஒரு பெண் குரல் இத்தாலிய மொழியில் ஏதோ சொல்லி நின்றது. மறுபடி போட்டேன். அதே குரல். சிஞ்ஞோராவின் போன் பிஸியாகவே இருந்தது. இதற்கிடையே பஸ் கிளம்பிவிட்டது. மனைவி அழைத்தாள். எடுக்கவில்லை. என்னவென்று சொல்வேன்? திரும்பவும் அழைத்தாள். துண்டித்தேன்.

மூன்று பேர் இருக்கையில் என் பக்கத்தில் ஒரு பட்டாளத்துக்காரர், ஓய்வு பெற்றவர், மீசையைப் பார்த்தாலே தெரியும். ஜன்னலோரம் அவர் மனைவி. அந்த அம்மாள்தான் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, யாரு அது?"

"மக."

"அய்யோ தெய்வமே. சின்னப் பிள்ளையால்லா இருக்கு! எப்பவாம்?"

"இன்னைக்கு" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. யாரும் எனக்கு எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"எங்கன வச்சு?" என்றார் பட்டாளத்துக்காரர்.

"இத்தாலி."

"வெளிநாடா! பாடி வர லேட்டாகும் அண்ணாச்சி. நம்ம தளவாய்புரத்துல ஒரு பையன் குவைத்துல போயிட்டான். கொண்டாந்து சேக்க எம்புட்டு அலைச்சல், எம்புட்டு பேப்பர்..."

"இப்பவா அதச் சொல்லணும்? வாய வச்சுக்கிட்டுச் செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீகளா?"

"தெரிஞ்சிருக்கணும்லாட்டி. கலெக்டருக்குத்தான் மொத மனு போடணும்."

முன்னிருக்கைக்காரர் திரும்பினார். அவரிடமிருந்து விஷயம் டிரைவர் வரைக்கும் போனது. ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கண்டக்டர் வந்து, "சார், தண்ணி குடிங்க" என்று தன் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் குடித்தேன். மெழுகுவர்த்தி எரிகிற அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தைரியம் இருந்திருந்தால் அந்த அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: இதற்கு வேறு அர்த்தம் ஏதாவது இருக்குமா, தாயி?

"வீட்ல சொல்லியாச்சா?" என்று அந்த அம்மாள்தான் கேட்டார்.

"இல்ல."

"அப்பத் தனியா விடக் கூடாது. நாங்க கூட வாரோம்."

கல்யாண வீட்டுக்குக் கிளம்பி வந்தவர்கள். தலையில் இருந்த மல்லிகைப் பூவைக் கழற்றி அந்த அம்மாள் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆட்டோ பிடித்து மடவார் வளாகத்துக்கு, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தோம். உள்ளே என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்கு நடந்ததிலேயே எனக்கு அதுதான் பெரிய கொடுமை. இவளுக்கு இன்னும் தெரியாது.

பட்டாளத்துக்காரர் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சாப்பாட்டு மேசையில் சொம்பின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து மனைவி பேசிக்கொண்டிருந்தாள். திரையில் என் மகள். அந்த இலை மாலை அவள் தலையில் கிரீடம் போல இருந்தது. வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"அப்பா! பாஸாயிட்டேன்!"

நான் கதவோரம் கிடந்த செருப்புகளின் மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"ஏங்க, பேசுதா!" என்று அந்த அம்மாள் வாயைப் பொத்தினார்.

"அண்ணாச்சி, இது வேற பிள்ளையா?" என்றார் பட்டாளத்துக்காரர்.

"எனக்கு ஒரே பிள்ளைதான்" என்றேன்.

மனைவி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவிய யாரு? ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீக? யாரும் தவறிட்டாகளா? யாரு வீட்ல துட்டி?"

"ஒங்க வீட்லதான் தாயி" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மாலையின் கதையை மகளே சொன்னாள். கல்லூரிப் பட்டம் வாங்குகிறவர்கள் தலையில் அதைச் சூட்டுவது அந்த நாட்டு வழக்கம். மொழித் தேர்வுக்கு அது கிடையாது. சிஞ்ஞோராவுக்குத்தான் ஆசை. பாஸான செய்தியைப் போனில் கேட்டு, மகள் சந்தை வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் மாலையை வாங்கி, சூட்டத் தலை இல்லாததால் படத்தில் மாட்டி வைத்தார். குரல் பதிவில் அவர் அழுதது சந்தோஷத்தில். அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வந்ததும் சிஞ்ஞோராவின் போனில் அம்மாவை அழைத்தாள். மெழுகுவர்த்தி நின்றது கேக்கின் மேல். படத்தின் கீழ் ஓரத்தில் கேக் கொஞ்சம் தெரியத்தான் செய்கிறது. பின்னால் எடுத்துப் பார்த்தேன்.

"அப்பா ஏம்மா அழுதாரு?"

"பஸ்ஸுல நல்ல கூட்டம்" என்றாள் மனைவி. அவள் முகமும் அதற்குள் வெளுத்திருந்தது.

மகளிடம் பேசி முடித்துவிட்டு, அடுக்களையிலிருந்து பால்கோவா எடுத்து வந்து இருவருக்கும் கொடுத்தாள். "சாகாத பிள்ளைக்கு அழுதா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாவ" என்றபடி அந்த அம்மாள் பூவை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். பட்டாளத்துக்காரர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மகள் அடுத்த நிலைப் படிப்புக்காக இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அந்தப் படத்தை அழித்துவிட்டேன். ஆனால் 'இன்னைக்கு' என்று சொன்ன வாய் என்னிடம்தான் இருக்கிறது. பஸ்ஸில் அந்த இருக்கைப் பக்கம் இப்போதும் நான் உட்காருவதில்லை. போட்டோ எதுவும் அனுப்பக் கூடாது, பேசினால் முகம் தெரியப் பேச வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று சொல்லவில்லை.

நேற்று சிஞ்ஞோராவின் உருட்டுக் கட்டையை அவளே பிடித்து மாவு தேய்த்துக் காட்டினாள்.

"மெல்லிசா வந்திருக்கா அப்பா? அந்தப் பக்கம் கை தெரியுதா?"

"தெரியுது" என்றேன். நான் மாவைப் பார்க்கவில்லை. அவள் கண் இமைக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.