பெரியப்பா பிரித்துக் கொடுத்த மீன் கருக்கள்

சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் மீன்காரி. கர்ப்பிணி விழுங்கும் மருந்து வயிற்றுக் கருவை என்ன செய்கிறது என்று, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்களை வைத்து ஆராய்கிறவளுக்குக் குடும்பம் கொடுத்த விருது அது. கொடுத்தவர் பெரியப்பா. ஓய்வு பெற்ற டாக்டர். வைத்தியம் மட்டும் ஓயவில்லை. நலம் விசாரித்துக் கைகொடுத்தாலே நாடி பார்த்துவிடுவார்.

மீன்காரியின் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு ஓயாத வாந்தி. பெரியப்பா தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மசக்கை தீரும்வரை கொடுத்தார். பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் காரணத்தையும் அவரே கொடுத்தார்.

"வயித்துப் புள்ளையோட மாடிப்படியில குதிச்சுக் குதிச்சு ஏறினா வேற என்னம்மா ஆகும்?"

டாக்டர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அன்றிலிருந்து அம்மா எந்தப் படியில் கால் வைத்தாலும் பெரியப்பா கீழே நின்று ஒரு வசனம் விடுவார்: "மெல்லம்மா, மெல்ல. ஒருத்தன் போதும்." வீடே சிரிக்கும். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அந்த ஒரு சிரிப்பைத்தான் மீன்காரியால் மன்னிக்க முடியவில்லை.

பழி தீர்க்கச் சிலர் அரிவாளைத் தீட்டுவார்கள். இவள் நுண்ணோக்கியைத் துடைத்துவைத்தாள்.

மீன் கரு கண்ணாடி மாதிரி. வளரும்போதே உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். ஒவ்வொரு காதுக்குள்ளும் பொடிப்பொடியாக இரண்டு கற்கள் இருக்க வேண்டும். குறைந்தால் கோளாறு. கருக்களை அவள் மூன்று வகையாக்கினாள். சில சும்மா வளர்ந்தன. சில, மஞ்சள் மாத்திரையின் மருந்து கலந்த தண்ணீரில் வளர்ந்தன. மீதியை ஆட்டும் எந்திரத்தில் ஏற்றி நாள் முழுக்கக் குலுக்கினாள்.

"இது எந்த மருந்துக்கு?" என்று கூட வேலை செய்பவள் கேட்டாள்.

"மருந்து இல்ல. மாடிப்படி."

அந்த ஆய்வகத்தில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. கருவைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பவருக்கு எது எந்த வகை என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கண் மனசுக்கு ஏற்றபடி பார்க்கும். அதனால் கரு இருக்கும் தட்டின் அடியில்தான் வண்ணப் பொட்டு ஒட்டுவார்கள். பிரித்து முடித்த பிறகே தூக்கிப் பார்க்கலாம். பிரிப்பதற்கு வெளியாள் ஒருவர் வேண்டும்.

"பெரியப்பா, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு சொல்வீங்களே. ஒருநாள் வந்து பிரிச்சுக் கொடுங்களேன்."

"கடைசியில மீன் பொறுக்க என்னையே கூப்பிடறியா?" என்றார். மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். கூடவே பெரியம்மாவும். அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கப் போய்ச் சேரும். அம்மாவையும் தம்பியையும் மீன்காரியே அழைத்து வந்திருந்தாள்.

பெரியப்பா நுண்ணோக்கியை விட்டு எழவே இல்லை. "இது நல்லா இருக்கு. இதுவும். அடப்பாவமே, இதுக்கு ஒரு கல்லுகூட இல்லையே! தள்ளி வை."

"நல்லா பாத்துட்டீங்களா?"

"யார்கிட்ட கேக்கற? கோர்ட்ல வந்து சொல்லச் சொன்னாலும் சொல்வேன்."

"பெரியம்மா, தட்டையெல்லாம் தூக்கி அடியில பாருங்க."

தள்ளி வைத்த பக்கம் முழுக்க மஞ்சள் பொட்டு. நல்ல பக்கத்தில் வெள்ளை, பச்சை, தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு மஞ்சள்.

"மஞ்சள்னா என்னடி?"

"பெரியப்பா அம்மாவுக்குக் கொடுத்த மருந்து."

"பச்சை?"

"குதிச்சுக் குதிச்சு மாடி ஏறினது."

பெரியம்மா பச்சைத் தட்டுகளை எண்ணத் தொடங்கினாள். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மீனுக்கு ஆனது மனுஷனுக்கும் ஆகணும்னு சட்டமா?"

"இல்ல பெரியப்பா. தம்பிக்கு மாத்திரையாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. படிக்கட்டாலதான்னு மட்டும் நீங்க எப்படி சத்தியம் பண்ணீங்க?"

"அந்தக் காலத்துல எல்லாரும்தான் அந்த மாத்திரையைக் கொடுத்தோம்" என்றார். குரலில் டாக்டர் இல்லை.

பெரியம்மா விடவில்லை. "அதை விடுங்க. அப்போ படி இல்லையா?"

"...படி இல்ல."

அம்மா அதை விரல்களால் தம்பிக்குச் சொன்னாள். அவன் திரும்பவும் சொல்லச் சொன்னான். திரும்பவும் சொன்னாள். பிறகு லிஃப்ட் பக்கம் திரும்பாமல் அவனையும் கூட்டிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். மூட்டுவலிக்காரி இறங்குகிற வேகமா அது!

பெரியப்பாவும் மீன்காரியோடு லிஃப்டில் நிற்க மனமில்லாமல் படிப் பக்கமே வந்தார். கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் காலை வைத்தார். கீழிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மெல்ல அத்தான், மெல்ல. ஒருத்தன் போதும்."

அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிதான் முதலில் சிரித்தான், கட்டடமே அதிரும்படி. பெரியம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. பெரியப்பாவும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சிரிப்பை மீன்காரி நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.