லயத்து விலாசத்தை எழுதவைத்த தாய்

அந்தக் கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தெஹியோவிட்ட பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் மாமா போன் பண்ணி, "புவனா, தர்ஷினி பேருக்கு ரெஜிஸ்டர் தபால் வந்திருக்கு. கொழும்புல இருந்து" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நியமனக் கடிதம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். வேலை முடிந்து வரும் வழியில் அரைக் கிலோ லட்டும் வாங்கிக்கொண்டேன்.

என் ஞாயிறு வகுப்புப் பிள்ளை தர்ஷினி கடையிலேயே நின்று கடிதத்தைப் பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

விண்ணப்பத்தில் எழுதிய வதிவிடமும் கிராம சேவகர் கொடுத்த சான்றிதழில் உள்ள வதிவிடமும் ஒத்துப்போகவில்லையாம். வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம். தராவிட்டால் தெரிவு ரத்து.

"நீங்க சொன்னபடிதானே மிஸ் எழுதினேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

அம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, என்னை உங்களில் பலருக்குத் தெரியும். அவிசாவளைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், கம்பஸ் படிக்கும் பிள்ளைகளுக்கும் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுக்கிறேன். பல வருடமாகச் செய்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகள் வாயைத் திறக்கும் முன்னே அவர்கள் என்ன ஆக வேண்டும் என்று நானே சொல்லி முடித்திருப்பேன். அதைத்தான் நல்ல வழிகாட்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். "தோட்டத்து விலாசத்தை எழுதாதீங்க. பஜார்ல தெரிஞ்ச கடை விலாசத்தைப் போடுங்க."

இது நான் கண்டுபிடித்தது இல்லை. நம் தாய் தகப்பன் காலத்தில் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கேயே கிடந்து, ஆள் கைக்கு வரும்போது வேலையே முடிந்திருக்கும். அதனால் அவசரக் கடிதத்துக்கெல்லாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையின் விலாசத்தைக் கொடுப்பார்கள். அது அவர்கள் தேவைக்குச் செய்தது. நான் செய்தது வெட்கத்துக்கு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் என்று தெரிந்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களே என்ற வெட்கம். சில மேசைகளில் அப்படி விண்ணப்பங்கள் ஒதுக்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் நான் வேலையில் சேரும்போதும் மாமா கடை விலாசத்தையே கொடுத்தேன். பதினாறு வருடமாகக் கம்பெனி வான் என்னை அந்தக் கடை வாசலில்தான் இறக்கிவிடும். வான் வளைவு திரும்பும் வரை கடைக்குள் ஏதோ வாங்குவது போல நிற்பேன். பிறகு த்ரீவீல் பிடித்துத் தோட்டத்துக்கு ஏறுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் பதினாறு வருடம் செய்தேன்.

தர்ஷினி விவசாயம் படித்து முடித்தவள். ஒரு ரப்பர் கம்பெனியில் பயிற்சி வெளிக்கள அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். தாயும் தகப்பனும் யாருக்குக் கைகட்டி நின்றார்களோ, அந்த இடத்துக்கு அவள் போக இருந்தாள். விண்ணப்பத்தில் கடை விலாசத்தைப் போடச் சொன்னது நான். தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதச் சொன்னதும் நான். அவள் தாய் ராசாத்தி அக்கா நம் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார்.

அன்றைக்கும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று தவித்தேன். மாமா ஒரு வழி சொன்னார். "எங்க கடை மேல் அறையில வாடகைக்கு இருந்தாள்னு நான் ஒரு கடிதம் எழுதித் தர்றேன். யார் வந்து பார்க்கப் போறாங்க?" பாவம், எங்கள் மேல் உள்ள அன்பில் சொன்னார். நானும் தலையாட்டினேன். கடிதம் தயாராகி என் கைப்பைக்குள் வந்துவிட்டது.

வியாழன் சாயந்தரம் கோயிலுக்குப் போனேன். மாரியம்மா, இந்தக் கடிதம் எடுபடணும், யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று வேண்டினேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற அம்மனையே கூட்டுச் சேர்த்த ஆள் நான்தான்.

அப்போது ராசாத்தி அக்கா வந்தார். வேலை முடிந்த உடுப்பு. கையில் காய்ந்த ரப்பர் பால் இன்னும் உரியாமல் ஒட்டியிருந்தது. ஒரு கொத்துச் செவ்வரளியை அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்கக்கா."

"நாங்க இருக்கிற இடத்தை எழுதினா வேலை குடுக்க மாட்டாங்களா? நான் பால் வெட்டுறது தெரிஞ்சா புள்ளைக்கு இழுக்கா? எனக்குப் படிப்பு இல்ல, அதான் கேட்கிறேன்."

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். இழுக்கு என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொண்டு எழுந்து போயிருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லக்கா. தப்பு என் மேலதான்" என்றேன்.

அவர் போன பிறகு மறுபடி அம்மனைப் பார்த்தேன். இந்த முறை வேறு மாதிரி வேண்டினேன். தாயே, என் வாயால் கெட்டதை என் வாயாலேயே சரிபண்ண வை. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை, இந்தப் பிள்ளையைக் கைவிடாதே. அவ்வளவுதான் கேட்டேன். மாமாவின் கடிதத்தைக் கிழித்தேன். சொன்னால் நம்புங்கள், அன்றைக்கு மூன்று நாளைக்குப் பிறகு பசித்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு தர்ஷினியோடு பஸ் ஏறினேன். கொழும்பு ஆபீசில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே வரக் கூடாது என்றார்கள். "இந்தப் பிழையைச் செய்தது நான்தான், என்னிடம் ஐந்து நிமிடம் கேளுங்கள்" என்று சிங்களத்தில் கெஞ்சினேன். சரி என்றார்கள்.

சொன்னேன். விலாசத்தை மாற்றச் சொன்னது நான், ஏன் சொன்னேன், நானே அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன், நானும் லயத்தில் பிறந்தவள். பதினாறு வருடமாக ஒருவரிடமும் சொல்லாத விஷயம் முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் வந்து விழுந்தது. வாய் ஒரு இடத்திலும் திக்கவில்லை. அது என் தைரியம் இல்லை, அம்மன் போட்ட பிச்சை.

நடுவில் இருந்த பெரியவர் என்னை விட்டுவிட்டுத் தர்ஷினியைப் பார்த்தார். "அம்மா உண்மையில் என்ன செய்கிறார்?"

"பால் வெட்டுறாங்க சார். லீவுக்கு வந்தா நானும் கூடப் போவேன்."

"அப்படியா? விடியற்காலை மழை பெய்தால் என்ன செய்வாய்?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மழை விட்டதும் மரத்தைக் கையால தடவிப் பார்க்கணும் சார். பட்டை ஈரமா இருக்கும்போது வெட்டினா பால் சிரட்டையில விழாது, பட்டையெல்லாம் பரவி வழிஞ்சிரும். காயுற வரைக்கும் காத்திருக்கணும். அம்மா கன்னத்தை மரத்துல வச்சுப் பார்ப்பாங்க. கையை விட கன்னத்துக்குத்தான் ஈரம் நல்லா தெரியும்னு சொல்வாங்க."

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏன் மகளே விண்ணப்பத்தில் எழுதவில்லை?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுத வேண்டாம் என்று சொன்னவள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.

உடனே வேலை கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பிழையான தகவல் பிழையான தகவல்தான் என்று பக்கத்தில் இருந்த பெண் அதிகாரி கண்டிப்பாகச் சொன்னார். சரியான விவரத்தோடு புதிதாக எழுதித் தரச் சொல்லி, யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். தர்ஷினி அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து நம்பர். தாயின் தொழில்: ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

திங்கட்கிழமை என் ஆபீசிலும் என் விலாசத்தைத் திருத்திக் கொடுத்தேன். எது வந்தாலும் வரட்டும் என்றுதான் போனேன். என்னோடு வேலை செய்யும் சிங்களப் பிள்ளை பார்த்துவிட்டு, "அப்போ இத்தனை வருஷம் உங்க கோயில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிடாம ஏமாத்திட்டீங்களே அக்கே" என்று சண்டைக்கு வந்தாள். இதற்கா பயந்தேன்? இப்போது வான் தோட்டத்துப் பாதை திரும்பும் முடக்கிலேயே என்னை இறக்கிவிடுகிறது. த்ரீவீல்காரருக்குத்தான் என் மேல் வருத்தம்.

வாரங்கள் போயின. பதில் இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் விளக்குப் போட்டேன். இப்போது மாமா கடையில் கேட்டும் பயனில்லை, கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வரும்.

அங்கேதான் வந்தது. வழக்கம் போல நாலு நாள் மேசையில் கிடந்துவிட்டுத்தான் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லாரும் நிற்கும்போது, கணக்கப்பிள்ளை கடித உறையைத் தூக்கிப் பிடித்து வாசித்தாராம். தர்ஷினி பெயர், லயத்து நம்பர், பிறகு கம்பெனி பெயர். "ராசாத்தி, உன் மகளுக்கு வேலை கிடைச்சிருச்சு போல" என்றாராம். அத்தனை பேர் நடுவில் ராசாத்தி அக்கா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கோயில் இருக்கும் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாராம். என்னிடம் இதைச் சொன்னவர்கள் எல்லாரும் அழுதுகொண்டேதான் சொன்னார்கள்.

கடை விலாசத்துக்கு வந்திருந்தால் அந்தக் கடிதத்தை நான்தான் வாங்கியிருப்பேன். லட்டோடு நின்றிருப்பேன். அந்தத் தாய்க்கு அந்தக் காலைப்பொழுது கிடைத்திருக்காது. அம்மன் என்னைத் தடுத்தது இதற்குத்தான் என்று நான் நம்புகிறேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருக்கிறேன். பிள்ளைகள் வந்ததும் முதலில் அவர்களைப் பேச விடுகிறேன். உன் வீட்டில் என்ன வேலை செய்கிறார்கள், நீ அதில் என்ன பார்த்தாய், உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறேன். விலாசம் எழுதும் இடம் வந்தால், அவரவர் வீட்டு விலாசத்தை அழகான எழுத்தில் எழுதச் சொல்கிறேன். ஒதுக்குகிற மேசைகள் இன்னும் இருக்கலாம். அதற்கும் மேலே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

உங்களுக்கும் ஏதாவது பாரம் இருந்தால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். மறைத்ததைக் காப்பாற்று என்று மட்டும் கேட்காதீர்கள். சரியாகச் சொல்லும் தைரியத்தைக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள். அவள் சந்நிதிக்கு வர உங்கள் விலாசமே போதும்.