ஓடையில் நிறுத்திய வேன்

அத்தானின் வேன் இடது பக்கம் இழுக்கிறது என்பதை நான்தான் முதலில் கண்டுபிடித்ததாக நினைத்தேன். அவருக்கு அது ஒரு மாதமாகவே தெரிந்திருக்கிறது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கமாகப் பிடித்தே ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ரோடு ஓரமாச் சரிஞ்சு கெடக்கு மாப்ள, வண்டி என்ன செய்யும்?" என்றார்.

சாலை ஓரமாகச் சரிந்திருப்பது உண்மைதான். அதனால் இலஞ்சிப் பக்கம் ஒரு சமமான களத்தில் மெதுவாக ஓட்டிக் கையை எடுக்கச் சொன்னேன். அங்கேயும் வேன் இடது பக்கமே போனது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

காரணம் அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமை மேலகரத்தில் அத்தான் வீட்டில் அவளுக்கு வளைகாப்பு. வளையல் போட்டு முடித்ததும் அதே வேனில் கடையத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்து வர வேண்டும். ஏழு மாத வயிற்றோடு அவள் உட்காரப்போகும் வண்டி. வேறு வண்டி பிடிக்கலாம் என்று அம்மாவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "மருமகன் வண்டிய வாசல்ல விட்டுட்டு வாடக வண்டியா? நாலு பேரு என்ன பேசுவாக?" என்று அதோடு முடித்துவிட்டாள்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த மாதங்கள் அவை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த ஆள் நான் ஒருவன்தான். மிக்ஸி நின்றுபோனாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

புதன்கிழமை தென்காசியில் வீல் அலைன்மென்ட் பார்க்க வைத்தேன். திரையில் எல்லாம் பச்சையாக வந்தது. வண்டியை வெளியே எடுத்துக் கொஞ்ச தூரம் போவதற்குள் பழையபடி இழுத்தது. குற்றாலத்தில் வேன் ஸ்டாண்டில் இறங்கியபோது செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. அங்கே மூத்த டிரைவர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு அத்தானிடம் கேட்டார்.

"என்னவே, ஒம்ம மச்சினன் படிச்சது இடது பக்கப் படிப்போ?"

"நேரா போவலேன்னாலும் ஊரு போய்ச் சேந்துருவோம் அண்ணாச்சி" என்றார் அத்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

மறுநாள் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றினேன். டயரில் குறை என்றால் இழுப்பு வலது பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. அந்த வாரம் அத்தான் வீட்டிலேயே தங்கியிருந்தேன். சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் வேனைப் பார்த்தேன். "அது எங்கயும் ஓடிராதுலே, சோத்தத் தின்னு" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை செங்கோட்டை ரோட்டில், சாரலுக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. தூரத்தில் யாரோ மாவு மில் ஓட்டுவதுபோல ஓர் இரைச்சல். வேகம் கூடினால் கூடியது. வேனை வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம் ஒடிக்கச் சொன்னேன்.

"பாம்பு மாதிரி ஓட்டச் சொல்லுத. பாக்கவன் நான் குடிச்சிருக்கேம்பான்."

"ஒரு தடவ அத்தான். ரோட்டுல யாரும் இல்ல."

வலது பக்கம் ஒடிக்கையில் வண்டியின் பாரம் இடது சக்கரத்தில் விழும். அப்போது இரைச்சல் பெருத்தது. இடது பக்கம் ஒடிக்கையில் அடங்கியது. நிறுத்தச் சொல்லி இறங்கி, வலது முன் சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன், லேசான சூடு. இடதில் வைத்த கையைப் படக்கென்று எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தேன். ஆடியது. அத்தானைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்தேன். ஆட்டம் நின்றது. அப்படி நின்றால் பேரிங்தான். கழற்றிப் பார்க்க வேண்டும் என்று இறங்கி வந்த அத்தானிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு சீசன் ஓட்டம் இருக்கு. நீ பாட்டுக்குக் கழட்டிப் போட்டு, திருப்பி மாட்டத் தெரியலேன்னா ஞாயித்துக்கெழம ஒங்க அக்காவ எதுல கூட்டிட்டுப் போக?"

என்னிடம் இருந்த பயமும் அதுதான். ஏற்கெனவே இரண்டு தடவை தப்பாகச் சொன்னவன். இருந்தும், "கழட்டுவோம்" என்றேன். அவர் போனை எடுத்து, சனிக்கிழமை ஓட்டத்தை ஸ்டாண்டில் இன்னொருவருக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை சக்கரத்தின் நடுவிலிருந்த ஹப்பைக் கழற்றினேன். உள்ளே பழுப்பாக இருக்க வேண்டிய கிரீஸ், மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. துடைத்துப் பார்த்தால் பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்புபோல் குழிகள், நீலம் பாரித்த இடங்கள். சரியாகச் சுற்ற முடியாமல் பிடித்த அந்தச் சக்கரம்தான் வேனை இடது பக்கம் இழுத்திருக்கிறது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எங்கேயிருந்து என்று யோசிக்கத் தொடங்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

சீசனில் ஸ்டாண்டு வேன்கள் எல்லாம் சாயங்காலம் ஓடையில் இறங்கும். அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், மனுசனுக்கு ஆகிறது வண்டிக்கும் ஆகும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் வரும் நாட்களில் கழுவுவது என் வேலை. கரை சரிவான ஓர் இடம் எனக்குப் பிடிக்கும். நானே பின்னால் நின்று கைகாட்டி அங்கே நிறுத்தச் சொல்வேன். இடது முன் சக்கரம் ஹப் வரைக்கும் தண்ணீரில் நிற்கும். அதுவும் கேரளா போய் மலையிறங்கி வந்த சூட்டோடு. சூடான ஹப் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தண்ணீர் புகாமல் காக்கும் சீலின் ஓரமாகவே தண்ணீரை உறிஞ்சும். இதை நான் பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அதே தண்ணீரில் நின்ற ஒரு நாள்கூட நினைப்பு வரவில்லை.

அத்தானிடம் சொன்னேன். கைகாட்டி நிறுத்தியது நான்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"அப்ப அந்த ஸ்டாண்டுல அத்தன வண்டிக்கும் இதே சீக்குதானா?"

"பாத்தாத்தான் தெரியும்."

"அண்ணாச்சி வண்டியில இருந்து ஆரம்பி" என்றார். முதல் தடவையாக அவர் கேலி என் பக்கம் இல்லை.

தென்காசியில் புது பேரிங்கும் சீலும் வாங்கி வந்து, மதியத்துக்குள் மாட்டினேன். நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் சந்தேகம். இறுக்கிச் சுற்றி, தளர்த்தி, மறுபடி இறுக்கினேன். ஓட்டிப் பார்த்தோம். அத்தான் கையை எடுத்தார். வேன் நேராகப் போனது. இரைச்சலும் இல்லை. இருந்தும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வளையல் போட்டு, கலவைச் சாதம் பரிமாறி, எல்லோரும் கிளம்பினார்கள். வேனில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். நான் ஏறவில்லை. பைக்கில் பின்னாலேயே, இடது சக்கரம் கண்ணில் படும்படி ஓரமாக வந்தேன். கடையம் வரை வயலையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை.

வாசலில் வேன் நின்றதும் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். நான் பைக்கைச் சாய்த்துவிட்டு நேராகப் போய்ச் சக்கரத்தின் பக்கத்தில் குத்த வைத்தேன்.

"ஏலே" என்றாள் அக்கா, கதவைப் பிடித்துக்கொண்டு. "வளைகாப்பு எனக்கா, சக்கரத்துக்கா? கையப் பிடிச்சு எறக்கி விடு."

"ஒரு நிமிசம்" என்று சொல்லி ஹப்பில் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் கிடந்த கல்லின் சூடுதான் இருந்தது. வலது பக்கமும் போய் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று.

அதற்குப் பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு அவளை இறக்கினேன். மணிக்கட்டில் புது வளையல்களுக்கு நடுவே என் விரலின் கிரீஸ் கறை பதிந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், திட்டவில்லை.