இலத்தூர் குளத்தில் தொப்பென்று இறங்கிய விமானம்

விமானத்தில் உள்காயம் தேடும் தொழில் ஒரு மாதிரியானது: ஒன்றும் கிடைக்காவிட்டால் ‘இதற்கா இவ்வளவு நேரம்’ என்பார்கள், கிடைத்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ரத்தப் பரிசோதனை செய்பவர்களே, ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

மாடி அறை

விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்று, எழுபதுகளின் கடைசியில் தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் பம்பாயில். எனக்கு ஒரு மாடி அறை, ஒரு ஸ்டவ், ஒரு டிரான்சிஸ்டர். கற்ற தொழிலுக்கு அந்த ஊரில் வேலையே கிடையாது. மேலே பார்த்தால் மேகம், கீழே பார்த்தால் சைக்கிள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று டீக்கடையில் யாராவது கேட்பார்கள். ஒரு நாளில் நான் வாய்திறந்து பேசுவது பெரும்பாலும் அதற்குப் பதில் சொல்லத்தான்.

என் தொழிலை முதலில் மதித்தவர் வீட்டுக்காரர். நான் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மறுநாளே படியேறி வந்தார். “ஏரோப்ளேனே ரிப்பேர் பாத்திருக்கிய. எங்க வீட்டு மிக்சி சுத்த மாட்டேங்குது, கொஞ்சம் பாத்துத் தாங்களேன்.”

மைதீன் பாய்

அடுத்துப் படியேறி வந்தவர் மைதீன் பாய். துபாயில் வெல்டர்; மனைவி ஜமீலா இங்கே ஊரில். எங்கிருந்தோ வரைபடம் வரவழைத்து, லீவுக்கு வரும்போதெல்லாம் இலத்தூரில் ஒரு நண்பரின் ரைஸ்மில் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இரும்புக் குழாயில் உடம்பு, மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய இறக்கை. அனுமதியெல்லாம் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், சிரித்தார்.

லீவு நாட்களில் சாயங்காலமானால் புரோட்டா பொட்டலத்தோடு வந்துவிடுவார். பசை காய எத்தனை நாள், போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம் என்று பேசிக்கொண்டே இருப்போம். அந்த நாட்களில் நான் மத்தியானமே அறையைப் பெருக்கி வைத்துவிடுவேன். எதற்காக இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன். “ஜமீலா என்னை வழியனுப்பத்தான் ஏர்போர்ட்டுக்கு வந்திருக்கா அண்ணாச்சி. ஒரு தடவயாவது நானே அவள ஏத்திட்டு அருவிக்கு மேல ஒரு சுத்து சுத்தணும்.”

பூசணிக்காய்

கோடையில் இலத்தூர் குளம் வறண்டுவிடும். அதுதான் ஓடுபாதை. எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் செங்கோட்டைக் கணவாய்க் காற்று முன்னதாகவே வந்துவிட்டது. கட்டி முடித்த விமானத்தில் பாய் தனியாகப் பறந்துவிட்டு இறங்கும்போது, தாங்கிக்கொண்டிருந்த காற்று சட்டென்று கைவிட, விமானம் தொப்பென்று விழுந்து, ஒரு துள்ளு துள்ளி நின்றது. வெளியே ஒரு கீறல் கிடையாது. கூட்டம் பாயைத் தோளில் தூக்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஜமீலாவோடு பறப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. லீவு முடிய அதற்கப்புறம் நாள் இல்லை.

மில்காரர் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். பிள்ளையாருக்குச் சாத்த எண்ணெயில் குழைத்து வைத்திருந்த செந்தூரத்தை, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் அப்பிவிட்டார். நான் சோதித்துப் பார்க்க வேண்டிய இடமே அதுதான். வழுக்கி விழுந்தவனுக்கு அடி காலில், வலி இடுப்பில். விமானமும் அப்படித்தான், அடி சக்கரம் வழியாக ஏறி, இறக்கை சேருமிடத்தில் போய் ஒளிந்துகொள்ளும். வாலிலிருந்து இரண்டு இறக்கை நுனிக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் விரற்கடை குறைந்தது; இறக்கை இடம் பெயர்ந்திருக்கிறது. மண்ணெண்ணெய்த் துணியால் செந்தூரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். மில்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “நல்லதுக்கு வச்சத இந்த மனுசன் அழிக்கான் பாரு.”

சிவப்புக் கோடு

துடைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தபோது, இறக்கையைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு கசிந்திருந்தது. விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் செந்தூரத்தோடு திரும்பி வந்திருக்கிறது. விமானப்படையில் இதற்கென்றே சீமைச் சிவப்பு மருந்து ஒன்று வைத்திருந்தோம். இங்கே மில்காரர் தெரியாமலே அந்த வேலையைச் செய்து வைத்திருந்தார்.

“அஞ்சு நிமிசத்துல வெல்டு வச்சிருதேன்” என்றார் பாய். தகடே விரிசல் விட்டிருக்கிறது என்றால் உள்ளே மரம் என்ன ஆயிற்றோ, துணியைக் கிழித்துப் பார்க்காமல் ஜமீலாவை ஏற்றக் கூடாது என்றேன். கிழித்தால் திரும்பப் போர்த்தி, வார்னிஷ் காய்வதற்குள் லீவு முடிந்துவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். பாய் நிதானமாகச் சொன்னார்: “இது பறந்துட்டா உங்களத் தேடி யாரு வரப்போறான்னு பயப்படுதிய அண்ணாச்சி. அதான் கொற சொல்லிக்கிட்டே இருக்கிய.”

கிழித்த பிறகு

அந்தப் பயம் எனக்கு இருந்தது என்னவோ நிஜம். வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பேனாக்கத்தியை எடுத்து, அவரைக் கேட்காமலே துணியைக் கிழித்தேன். உள்ளே இறக்கையின் முக்கியச் சட்டம், விறகு பிளந்த மாதிரி நீளவாக்கில் வாய் பிளந்திருந்தது. பாய் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். கையை எடுத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

துபாய்க்குப் போகும்போதும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த லீவுக்கு வந்தது ஊரார் சொல்லித்தான் தெரியும். அப்போதும் நான் அறையைப் பெருக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். படியில் சத்தமே இல்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஜமீலாவைப் பார்த்தேன். இடுப்பில் கைக்குழந்தை. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன்; அவளே கூப்பிட்டாள். “அவுக இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்காக அண்ணாச்சி. இருக்கட்டும். கோவப்பட அவுக இருக்காகல்லா.”

எங்கள் தொழிலில் வேலையை ஒழுங்காகச் செய்தோம் என்பதற்கு ஒரே அத்தாட்சி, அதற்கப்புறம் ஒன்றும் நடக்காததும் ஒருத்தரும் வராததும்தான்.