கேட்காமல் காருக்கடியில் போனவரல்ல அண்ணன்

அண்ணன் போய் ஒரு வருஷம் நிறைந்துவிட்டது. இன்று வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனின் சேக்காளிகளுக்கும் தங்கை எழுதுவது. மற்றவர்கள் அண்ணனின் பெருமைகளை எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுத வேறொன்றும் இருக்கிறது. தயவுசெய்து கடைசிவரை வாசித்துவிட்டு மடித்து வையுங்கள்.

குளத்தூருக்கு மேற்கே, கிடையாடு வைத்திருந்த குடும்பத்தில் தலைச்சன் பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். அடுத்தடுத்து மழை பொய்த்த வருஷங்களில் ஆடுகள் போயின. பின்னாலேயே அய்யாவும் போய்ச் சேர்ந்தார்கள். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்து, தீப்பெட்டி லோடு ஏற்றும் லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். பிறகு டிரைவரானார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார்.

கல்யாணம் முடிந்து மணியாச்சிக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது அந்தக் கார்தான். ரயில்வேயில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் தவறியபோது, என்னையும் என் தகரப்பெட்டியையும் திரும்ப ஏற்றி வந்ததும் அதுதான். அண்ணன் வாசலில் நிறுத்திவிட்டு, "இனி இது ஒன் வீடுட்டி. எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். மதினியும் ஒன்றும் சொன்னதில்லை.

அண்ணனுக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். காலையில் என்னை ஒரு தடவையாவது திட்டாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது என்று மதினி கேலி செய்வார்கள். கார் வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார். "அடுத்தவன் திருகுன போல்ட்ட நம்பி ஊரான் பிள்ளைய ஏத்த முடியுமா?" என்பார். ஜாக்கி போட்டுத் தூக்கினால் இரண்டு பக்கமும் கனத்த மரக்கட்டைகளைக் கொடுப்பார். முன்சக்கரங்களுக்குக் கல் வைப்பார். காரைக் கையால் உலுக்கிப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தரையைப் பார்ப்பார். நம் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மேலே கல் மாதிரி இருக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளே கூழாகிவிடும். அதனால் கார் நிற்கும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

போன வருஷம் பங்குனியில், கியர் மாற்றும்போதெல்லாம் காருக்கடியில் 'டங்' என்று சத்தம் கேட்டது. வேகம் கூட்டினால் உட்கார்ந்திருப்பவரின் பல் ஆடியது. "கிராஸ் போயிட்டு" என்றார் அண்ணன். எஞ்சின் சுற்றுவதைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டின் இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஒரு மூட்டு உண்டு. அதைத்தான் கிராஸ் என்பார்கள். அது தேய்ந்து உடைந்தால் ஓட்டத்திலேயே தண்டு கழன்று ரோட்டில் குத்தும். மறுநாள் எதிர்வீட்டு நிறைமாதக் கர்ப்பிணிப் பிள்ளையைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்கே மாற்றியாக வேண்டும் என்று இறங்கிவிட்டார்.

காலையில் காரைத் தூக்கிக் கட்டை கொடுத்து, போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவிக்கொண்டு வெளியே வந்தார். முதுகெல்லாம் புழுதி. அவருக்கு இளைப்பு உண்டு, இருமித் தீர்த்துவிட்டார். தண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலுக்குப் போனார். பழைய கிராஸைத் தட்டி எடுத்து, ஊசி ஊசியான உருளைகளைக் கிரீஸில் ஒட்டிவைத்து, புதியதைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடியும் அந்தப் புழுதியில்தானே படுப்பார் என்று, துணி அலசிய தண்ணீரை நாலு வாளி காருக்கடியில் ஊற்றினேன். நிலம் அத்தனையையும் குடித்தது. அவர் திரும்பி வருவதற்குள் மேல்மண் காய்ந்து வெளுத்துவிட்டது.

அண்ணன் வந்து குத்தவைத்துத் தரையைப் பார்த்தார். ஒரு வெடிப்பின் ஓரத்தைத் தடவினார்.

"ஏட்டி, இங்கன தண்ணி கிண்ணி ஊத்துனியா?"

எனக்கு வயது நாற்பத்திரண்டு. ஆமாம் என்றால் திட்டுவார், காரை வேறு இடத்துக்குத் தள்ளுவார், வேலை அரைநாள் தள்ளிப்போகும். அவ்வளவுதான். அந்தத் திட்டுக்குப் பயந்து, "இல்லண்ணே" என்றேன்.

தலையாட்டினார். காரை ஒருமுறை உலுக்கினார். அது அசையாமல் நின்றது. தண்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். கடைசி போல்ட்டை இறுக்கக் காலை ஊன்றி ஸ்பேனரை இழுத்தபோது, இடதுபக்கக் கட்டை மண்ணுக்குள் இறங்கியது. கார் சாய்ந்து அவர் மேல் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை மூச்சு இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷத்திலேயே பேச்சு தொடங்கிவிட்டது. அவசரக்காரன் என்றார்கள். கஞ்சன், ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கலாம் என்றார்கள். தரையைப் பார்க்காமல் இறங்கிவிட்டான் என்றார்கள். நான் அவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டே கேட்டேன். ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்தார். சந்தேகப்பட்டுக் கேட்கவும் செய்தார். பொய் சொன்னவள் நான். இனி அவரைக் குறை சொல்ல வேண்டாம், என்னைச் சொல்லுங்கள்.

அன்று ஓடிவந்து வெறுங்கையால் காரைத் தூக்கிய தெருக்காரர்களுக்கும், ஏற்றியிருந்த லோடை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு அண்ணனைத் தன் வேனில் கொண்டுபோன டிரைவர் தம்பிக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு பொங்கி அனுப்பிய எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை வேறொரு காரில் போய் நல்லபடியாகப் பெற்று வந்தாள்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தண்ணி ஊத்துனியான்னு அவிய கேட்டாவளா?"

"கேட்டாவ, மதினி."

முறத்தைக் கீழே வைத்தார்கள். "அப்பம் அச்சடிச்சிரு. எல்லாரும் படிக்கட்டும்" என்றார்கள்.

அதோடு மதினி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வேளாவேளைக்குத் தட்டில் சோறு மட்டும் எடுத்து வைக்கிறார்கள்.