அளந்து கொடுத்தவர்

பேராசிரியர் என்றதும் எனக்கு ஞாபகத்துக்கு வருவது, தையல் போட்டிருந்த அவருடைய உதடுதான். ரிச்சர்ட்சன் பல்கலைக்கழகத்தில் அவரிடம் நான் ஆய்வு மாணவி. அன்று வகுப்பில் அபின் பாடம். வெள்ளைக்கார அரசாங்கம் வங்காளத்து விவசாயியிடம் முன்பணத்தைத் திணித்து அபின் பயிரிட வைத்ததை, முரண்டு பிடித்தவனை ஆள்விட்டு அடித்ததை, விளைந்ததையெல்லாம் தானே வாங்கிச் சீனாவுக்குப் போக ஏலம் விட்டதை, உள்ளூரில் லைசென்ஸ் கடைகளில் விற்றதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் மேசையை ஓங்கிக் குத்தினார். தடை செய்தால் கடத்தல்காரன் விற்பான், நாங்கள் விற்றால் அளவோடு இருக்கும் என்று நியாயம் பேசினார்களே, அதுதான் கட்டுப்பாடா என்று கத்தினார். தையல் பிரிந்து ரத்தம் வழிந்தது. காரேஜ் கதவு இடித்துவிட்டது என்றார். நாங்களும் நம்பினோம்.

இடித்தது மகன். அவர் மனைவிக்கு டிரைவிங் வராது. மளிகைக் கடைக்கு நான்தான் கூட்டிப்போவேன். ஒருநாள் காரில் அழுதுகொண்டே ஆன்ட்டி எல்லாவற்றையும் சொன்னார். மல்யுத்தத்தில் தோள் உடைந்த பையனுக்கு ஆபரேஷனுக்குப் பின் அபின் வகை வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. டாக்டர் நிறுத்தியதும் வீட்டில் நாற்காலி பறந்தது, கண்ணாடி நொறுங்கியது. சிகிச்சை மையத்தில் சேர்க்கலாம் என்று ஆன்ட்டி கெஞ்சியிருக்கிறார். "கோயில்ல நாலு பேர் கேட்டா என்ன சொல்றது? நானே பாத்துக்கறேன்" என்றாராம் பேராசிரியர். பார்த்துக்கொண்டார்! ஃப்ரீவே பாலத்துக்கு அடியில் யாரிடமோ மாத்திரை வாங்கி வந்து, பீரோவில் பூட்டி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தன் கையால் கொடுத்தார். பையன் வெளியே வாங்கினால் செத்துப்போவான், நான் கொடுத்தால் மெல்லக் குறைத்துவிடலாம் என்பது அவர் நினைப்பு. வகுப்பில் எந்த அரசாங்கத்தைக் கிழித்தாரோ, வீட்டில் அதையே நடத்திக்கொண்டிருந்தார் மனிதர்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆன்ட்டி போனில் அலறினார். "சீக்கிரம் வாம்மா, கைய ஒடச்சிட்டான்!" நான் போனபோது பீரோ கவிழ்ந்து கிடந்தது. மாத்திரைகளை ஆன்ட்டி டாய்லெட்டில் கொட்டியிருக்கிறார். பையன் அவர் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருக்கிறான்; தடுக்க வந்த அப்பாவின் முழங்காலில் சுத்தியலால் அடித்திருக்கிறான். இப்போது சுவரில் நெற்றியை முட்டி முட்டி, "யூ ஆர் மை டீலர், அப்பா! கோ கெட் இட்!" என்று கத்திக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் ரத்தம். பேராசிரியர் நொண்டியபடி கார் சாவியைத் தேடினார். ஆஸ்பத்திரிக்குப் போக அல்ல, வாங்கிவர.

நான் 911 கூப்பிட்டேன். போலீஸ்காரர் பையனுக்கு விலங்கு மாட்டிவிட்டு, கையை யார் இப்படிச் செய்தது என்று ஆன்ட்டியிடம் கேட்டார். கீழே விழுந்துவிட்டாள் என்று முந்திக்கொண்டார் பேராசிரியர். ஆன்ட்டி நல்ல கையை நீட்டிக் கணவரைக் காட்டினார். "ஹிம். ஹி கிவ்ஸ் தி டேப்லெட்ஸ்." பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஒத்துக்கோங்க. இவன் பொழைக்கணும்" என்றார். பேராசிரியர் மகனைப் பார்த்தார். மாத்திரை வாங்கியது நான்தான் என்றார்.

அவருக்கு வேலை போனது; வழக்கு முடிந்து இப்போது தனியாக இருக்கிறார். அபின் பாடத்தை இப்போது நான் நடத்துகிறேன். பையன் தேறி, பேர்லேண்ட் என்ற ஊரில் அம்மாவோடு இருக்கிறான். மாத்திரை ஆசை வரும்போதெல்லாம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளச் சிகிச்சை மையத்தில் பழக்கியிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் அப்பாவின் போன் வருகிறது. ஆன்ட்டி போனை நீட்டுகிறார். பையன் தலை நிமிராமல், "நாட் டுடே" என்கிறான்.