சிறுத்தை விரதம் இருந்த புரட்டாசி

படம் பேச ஆரம்பித்ததும் என் பிழைப்பு போயிற்று. அதுவரை சேலத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் ஊமைப்படங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அதோ வருகிறான் பாவி! அபலையின் கையைப் பிடிக்கிறான்!" என்று நான் ஒரு சத்தம் போட்டால், மணலில் துண்டை விரித்துப் படுத்திருந்தவன்கூட எழுந்து உட்காருவான். திரையில் இருப்பவர்களே பேசக் கற்றுக்கொண்ட பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் உன் வாய்க்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். என் மனைவி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "ஊட்டுலயும் அப்படியே இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல் பக்கத்து மிட்டாதார் ஒருவர் ஆள் அனுப்பினார். மிட்டாதார் என்றால் ஜமீன்தாருக்குத் தம்பி முறை. நிலம் கொஞ்சம் குறைவு, வீறாப்பு அதே அளவு. அவர் சென்னப்பட்டணம் போனபோது அங்கே மிருகக்காட்சி சாலையைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்ததும், நைனாமலைக்குப் போகும் பாதையில் இருந்த தன் மாந்தோப்பில் கூண்டுகள் அடித்து, கையில் அகப்பட்ட மிருகங்களையெல்லாம் அடைத்து வைத்தார். கொல்லிமலையில் பொறியில் சிக்கிய ஒரு சிறுத்தை, காவேரியிலிருந்து வந்த ஒரு முதலை, வித்தை காட்டுகிறவனிடம் வாங்கிய ஒரு கரடி, சில மான்கள், ஏகப்பட்ட குரங்குகள். எல்லாம் சேர்ந்தாயிற்று. ஆனால் வந்து பார்த்தவர்கள், "இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான்.

மிருகங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். நாமகிரிப்பேட்டைக்காரி. அதற்கு முன்னால் மிட்டாதாரின் எருமைகளை மேய்த்தவள். எருமைக்கும் சிறுத்தைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "எருமை உதைக்கும், இது கடிக்கும்" என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லா மிருகத்தையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். பார்க்க வருகிறவர்களைக் கூப்பிடுகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அவள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. வந்தவர்கள் அப்படி. முதலை தொட்டியில் அசையாமல் கிடக்கும். உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒருவர் கல்லை எறிவார். அது அசையாது. "சிமிட்டியில செஞ்சு வெச்சிருக்கறாங்க" என்று அவர் முடிவு கட்டுவார். பின்னால் வருகிறவர் அதைச் சோதிக்க இன்னும் பெரிய கல்லாக எடுப்பார். குரங்குக்கு ஒருவர் புகையிலை கொடுத்தார்; அது அன்று முழுக்க வாந்தியெடுத்தது. வேட்டி கட்டி, கோட்டுப் போட்ட ஒரு வக்கீல், சிறுத்தையைக் குடையால் குத்தி, "எழுந்து நில்!" என்று இங்கிலீஷில் உத்தரவு போட்டார். சிறுத்தைக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. ஆனால் குடையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

கரடியின் பாடுதான் எல்லாவற்றிலும் மோசம். கரடி முடியைத் தாயத்தில் வைத்துக் கட்டினால் குழந்தைக்குப் பயம் தெளியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கரடிக்குத்தான் தெரியாது. அது பாட்டுக்குக் கம்பியில் சாய்ந்து தூங்கும். வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிடுங்கிப் பிடுங்கி, கம்பி பக்கம் இருந்த விலா முழுக்க வழுக்கையாகிவிட்டது. ஒரு பக்கம் பார்த்தால் கரடி, மறுபக்கம் பார்த்தால் ஏதோ மடத்துச் சாமியார். பிடுங்காதீர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

நாமகிரிப்பேட்டைக்காரி வேறு வழி செய்தாள். தன் கறுப்பு வெள்ளாட்டின் முடியைக் கத்தரித்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டு, கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"வாங்க வாங்க, கரடி முடி. வயித்துக்குக் கீழ இருக்கற முடி. அதுக்குத்தான் எச்சா சத்து."

கரடியை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. அடுத்த மாதமே ஒரு தகப்பன் தேங்காய் பழத்தோடு வந்து, பிள்ளை இப்போதெல்லாம் அலறாமல் தூங்குகிறது என்று கரடியைக் கும்பிட்டுவிட்டுப் போனான். ஆடு சற்றுத் தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. அதை யாரும் கும்பிடவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது புரட்டாசி பிறந்தது.

மிட்டாதாருக்கு அந்த வருஷம் ஏழரைச் சனி நடந்தது. பெருமாளுக்கு விரதம் இருந்தால்தான் தப்பலாம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். மிட்டாதார் எதையும் பாதியில் நிறுத்துகிறவர் இல்லை. அரண்மனையில் கறி கிடையாது, வேலைக்காரர்களுக்குக் கருவாடு கிடையாது. மாதம் பிறந்த அன்று காலையில் தோப்புக்கு வந்தார்.

"புரட்டாசி முடியற மட்டும் என்ற தோப்புக்குள்ள கவிச்சி நொழையக் கூடாது."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சிறுத்தைக்குங்களா, எசமான்?"

"அது என்ற சோத்தைத்தானே திங்குது?"

"ஆமாங்க."

"பொறவென்ன?"

மத்தியானம் பெரிய வட்டிலில் தயிர்ச்சோறு வந்தது. கடுகு தாளித்து, கொத்துமல்லி தூவி, எனக்கே நாக்கில் நீர் ஊறியது. நாமகிரிப்பேட்டைக்காரி அதைக் கூண்டுக்குள் தள்ளிவிட்டு, "தின்னு சாமி, பெரிய எடத்துச் சோறு" என்றாள். சிறுத்தை மெல்ல எழுந்து வந்தது. மோந்து பார்த்தது. பிறகு திரும்பி நின்றுகொண்டு, வாலைத் தூக்கி, அந்தச் சோற்றின்மேலேயே தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

பால் வைத்தால் மட்டும் குடித்தது. நாலைந்து நாளில் அதன் வயிறு ஒட்டிப்போயிற்று. முன்பெல்லாம் கூண்டுக்குள்ளே சுற்றிச் சுற்றி நடக்கும். இப்போது நடப்பதையும் விட்டுவிட்டது. குடையால் குத்துகிறவர்களுக்குக்கூட அதில் சுவாரசியம் போய்விட்டது. நாமகிரிப்பேட்டைக்காரி கம்பியருகில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பசிச்ச பிராணி கத்தோணும்" என்றாள் ஒருநாள். "எருமை கத்தும். இது கத்தமாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கே நாங்கள் இரண்டு பேரும் திருட்டுத்தனத்தில் இறங்கினோம். சேந்தமங்கலத்தில் கறிக்கடைக்காரர் ஒருவர் புரட்டாசியில் வியாபாரம் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஆட்டுத் தொடையும் ஈரலும் வாங்கி, மான்களுக்கு வருகிற புல்லுக்கட்டுக்குள் மறைத்து, அவள் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். அந்த நேரத்தில் நான் தோப்பின் இன்னொரு மூலையில் நின்று, "பாருங்கள், பாருங்கள், காவேரியைக் கலக்கிய கொடிய முதலை!" என்று கத்தி எல்லோரையும் அந்தப் பக்கம் இழுத்துவிடுவேன். சிறுத்தை இரண்டு முறை வயிறாரத் தின்றது. மூன்றாவது முறை மிட்டாதார் தன் நாயுடன் உலாவ வந்துவிட்டார். அது சீமை நாய். பிஸ்கோத்து தின்று வளர்ந்தது. அந்த நாய் எசமானை விட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, புல்லுக்கட்டின் பின்னாலேயே நடந்தது.

"ஏனப்பா," என்று மிட்டாதார் என்னைக் கேட்டார், "நாய் எப்பத்திலிருந்து புல்லு திங்குது?"

கட்டைப் பிரித்தார்கள். எனக்குக் கிடைத்த வசவு பெரிதல்ல. அவளுக்குக் கிடைத்ததுதான் பெரிது. அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கடைசியில், "அடிச்சுப் போடுங்க எசமான். ஆனா அது செத்துப்போச்சுன்னா அந்தப் பாவமும் சனியோட சேந்து உங்க தலையிலதானுங்க" என்று மட்டும் சொன்னாள். மிட்டாதார் நாயை இழுத்துக்கொண்டு திரும்பினார். ஆனால் உத்தரவு உத்தரவுதான். மறுநாளிலிருந்து வாசலில் ஒரு ஆளை நிறுத்தி, உள்ளே போகிற ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நைனாமலைப் பெருமாளைப் பார்க்க ஜனங்கள் வண்டி வண்டியாகப் போவார்கள். போகிற வழியில் எங்கள் தோப்பில் இறங்கிக் காலாற உட்காருவார்கள். அப்படி வந்த ஒரு திருச்செங்கோட்டுக்காரர், நெற்றி நிறைய நாமத்தோடு, சிறுத்தையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, இதென்ன இப்படி எலும்பும் தோலுமா இருக்குது?"

"புரட்டாசிங்க. கவிச்சி திங்கறதில்லைங்க" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். சிறுத்தையைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "பெருமாளே!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார்.

அவ்வளவுதான். மலையேறி இறங்கியவர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை கூண்டைச் சுற்றி நிற்க இடமில்லை. கம்பியில் துளசி மாலை தொங்கியது. கற்பூரப் புகையில் சிறுத்தை தும்மியது. அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நரசிம்மர் சிங்கம் என்றால் இது சிங்கத்துக்குப் பங்காளி, அதனால் அவருக்கும் உறவுதான் என்று ஒருவர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் தொழிலில் எனக்குப் போட்டி! ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: யாரும் கல் எறியவில்லை, குடையால் குத்தவில்லை. சாமியாகிவிட்டால் பட்டினி போடலாம், அடிக்கக்கூடாது போலிருக்கிறது.

மிட்டாதார் பட்டு வேட்டியில் வந்து நின்றார். முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏனப்பா, இது புரட்டாசியோட நிக்க வேண்டாம். வருசம் பூரா இருந்துரட்டும். பெருமாளுக்கு வாக்கும் குடுத்துட்டேன்."

நாமகிரிப்பேட்டைக்காரி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தச் சிறுத்தை வருஷம் பூரா தாங்காது. ஐப்பசி வரைக்கும் தாங்கினாலே அதிசயம்.

கடைசிச் சனிக்கிழமை கூட்டம் இன்னும் அதிகம். மிட்டாதார் கூண்டுக்கு முன்னால் நின்று, சர்க்கரைப் பொங்கலைத் தானே தொன்னையில் வைத்து உள்ளே தள்ளப் போனார். அப்போது ஒரு நடுவயதுப் பெண்பிள்ளை கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கக்கத்தில் ஒரு கோழி. பிள்ளை பெற்றிருக்கிற மகளுக்குச் சாறு வைத்துக் கொடுக்கப் போகிறவளாம். வாசலில் நின்ற ஆள் மூட்டைகளைத்தான் பிரித்துப் பார்ப்பான். உயிரோடு இருப்பது கவிச்சி ஆகுமா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்தாள். உடம்பு சிலிர்த்துவிட்டது. "சாமீ!" என்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள்.

கும்பிடுகிற கையால் கோழியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அது படபடவென்று பறந்து, எதிரே இருந்த கம்பிகளுக்கு நடுவே நேராக உள்ளே போய் இறங்கியது.

சிறுத்தை பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. படுத்திருந்தது; அடுத்த கணம் கோழி அதன் வாயில் இருந்தது. எலும்பு நொறுங்குகிற சத்தம் மட்டும் அத்தனை கூட்டத்திலும் கேட்டது. இறகுகள் பறந்து வந்து துளசி மாலையில் ஒட்டின. ஒன்று மிட்டாதாரின் நாமத்திலும் ஒட்டியது. சிறுத்தை கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை பால் குடிக்கிற மாதிரி, அவ்வளவு கவனமாகத் தின்றது.

"ஐயோ, என்ற கோழி!" என்று அந்தப் பெண்பிள்ளை அலறினாள்.

பின்னாலிருந்து ஒரு கிழவர், "வெரதம் முடிச்சிருச்சுங்க" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கூட்டம் முழுக்கச் சிரித்தது. நாமகிரிப்பேட்டைக்காரி சிரித்துச் சிரித்து, மண்ணில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மிட்டாதார் மட்டும் சிரிக்கவில்லை. தொன்னையைக் கையில் பிடித்தபடி, சிறுத்தை தின்று முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத்தனை பசியிலயா இருந்துது?" என்றார், என்னிடம் அல்ல, யாரிடமும் அல்ல. பிறகு பொங்கலை அந்தப் பெண்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மாலையில் அவளுக்கு ஒரு கூடை நிறையக் கோழிகள் போயின என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் மிட்டாதார் பெருமாளுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். சிறுத்தைக் கூண்டுக்கு அப்பால் இருந்த வேலியைப் பிடுங்கி, இப்பால் கொண்டுவந்து நட்டார்கள். கூண்டு இப்போது தோப்புக்கு வெளியே. தோப்புக்குள் கவிச்சி நுழையவில்லை. தோப்புதான் கொஞ்சம் நகர்ந்துகொண்டது. பெருமாளும் இதை ஒப்புக்கொண்டதாக ஜோசியர் சொன்னார். அன்று மத்தியானமே சேந்தமங்கலத்துக் கறிக்கடைக்காரர் தானே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வேலியைத் தாண்டி இருந்தது வெறும் மேடு. ஒரு பாறை, ஒரு வேப்பமரம். கையில் கடப்பாரை இருக்கும்போதே அதையும் கூண்டோடு சேர்த்துச் சுற்றி உயரக் கம்பி அடித்துவிடலாம் என்று நாமகிரிப்பேட்டைக்காரி நச்சரித்து நச்சரித்து, மிட்டாதார் சரியென்று சொல்லும்வரை விடவில்லை. கதவைத் திறந்துவிட்டும் சிறுத்தை முதல் நாள் முழுக்கப் பழைய கூண்டை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், மரத்தின் கவட்டையில் நாலு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தது.

வந்தவர்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை. பக்கத்தில் போக முடியவில்லை, கல் எறிந்தால் எட்டவில்லை, இலைக்கு நடுவே ஒரு வால் மட்டும் தெரிந்தது. ராசிபுரத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு தறிக்காரர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஏனுங்க, ஒண்ணுமே தெரியலீங்களே. அது எப்பக் கீழ எறங்கும்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாமகிரிப்பேட்டைக்காரி முந்திக்கொண்டாள்.

"அது உண்டுட்டுத் தூங்குதுங்க. நீங்களும் போயி உண்டுட்டுத் தூங்குங்க."